மூடிக்குப் பொட்டு வெச்ச கதை

மூணு வாரத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்க வீட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குச் சந்தனம், குங்குமம் வெச்சு, சூடம் காட்டிக் கும்பிட்டோம்.

சிரிக்காதீங்க. இல்லை, சிரிங்க. சிரிக்க வேண்டிய விஷயம்தான். நானே இப்போதான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கேன் — அதுவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவன். ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, பேரிங், கியர்... இதுகளோட பேரும் நம்பரும்தான் என் படிப்பு. கம்ப்யூட்டரைப் பத்தி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கு? ஒண்ணும் கிடையாது. ஆனா, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசுற பெரியவங்களைப் பத்தி எழுத நல்ல தகுதி இருக்கு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

என் மக கௌசல்யா. கௌசி. பதினொண்ணாவது படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். போன வருஷம் பரீட்சை லீவில் எங்க ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நாள் வந்தாள். அங்கே ஒரு பஸ்ஸோட பின்பக்க அச்சைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல பானை மாதிரி ஒண்ணு தொங்குமே, பார்த்திருக்கீங்களா? அதுக்குப் பேர் டிஃபரன்ஷியல். பஸ் வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைச்ச தூரம் ஓடணும். ரெண்டையும் ஒரே எஞ்சின்தான் சுத்துது. அப்புறம் எப்படி ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா? அந்தப் பானைக்குள்ளே இருக்கிற கியருங்கதான் அந்த வேலையைப் பார்க்குது.

இதைப் பிரிச்சுப் பார்த்துட்டு வந்த கௌசி, கம்ப்யூட்டர்ல அதை அப்படியே வரைய ஆரம்பிச்சாள். த்ரீ-டி படம். நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். கியர் சுத்தும், சக்கரம் சுத்தும். எங்க மெக்கானிக்கை எண்ணச் சொல்லிக் கேட்டு, கிரௌன் வீல்னு சொல்ற அந்தப் பெரிய கியருக்கு நாப்பத்தோரு பல்லும் சரியா வெச்சாள். ஒரு பல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாவட்ட அளவில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கண்காட்சி. அவ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள்தான் போகலாம். கம்ப்யூட்டர் சார் படத்தைப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னாராம். ஆனா ஒரு நிபந்தனை. படம் திக்காம, திணறாம சுத்தணும். சுத்தினா அவ பேர் போகும். இல்லைன்னா வேற ஆள் பேர் போகும்.

சிக்கல் அங்கேதான். எங்க கம்ப்யூட்டர்ல அந்த கியர் சுத்துற அழகைப் பார்க்கணுமே! ஒரு பல் நகரும்... நிக்கும்... யோசிக்கும்... அப்புறம் அடுத்த பல். நிறைமாசக்காரி மாடிப்படி ஏறுற மாதிரி.

காரணம் என்ன? கௌசிதான் சொன்னாள். எங்க கம்ப்யூட்டர்ல படம் காட்டுற வேலைக்குத் தனி ஆள் கிடையாது. பெரிய போர்டோடவே ஒட்டி வந்த ஒரு சின்ன ஏற்பாடு இருக்கு. ‘ஆன்போர்டு’ன்னு சொல்றாங்க. அதுக்குச் சொந்த மெமரி கிடையாது. கம்ப்யூட்டரோட மெமரியிலேயே ஒரு பங்கை வாங்கிக்கிட்டுப் பிழைப்பு நடத்தும்.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கண்டக்டர் வராத அன்னிக்கு மினி பஸ்ஸில் டிரைவரே டிக்கெட்டும் கொடுப்பார் இல்லையா? வண்டி ஓடும். ஆனா ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்னு நின்னு ஓடும். கூட்டம் குறைச்சலா இருந்தா ஒண்ணும் தெரியாது. கூட்டம் ஏறினா அம்புட்டுதான். லெட்டர் அடிக்க, பாட்டுக் கேக்க அந்த ஆன்போர்டு போதும். நாப்பத்தோரு பல் கியரைச் சுத்தணும்னா? தனியா ஒரு கண்டக்டர் வேணும். அந்தக் கண்டக்டருக்குப் பேர்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

வாங்கிட்டேன். மாட்டுறது யாரு?

என் மனைவிக்கு ஒரு தம்பி. தவமணி. கொட்டாம்பட்டியில் பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கார். நாலு கம்ப்யூட்டர். எங்க சொந்தக்காரங்க வட்டாரத்தில் கம்ப்யூட்டர்னு எழுதிக் காட்டினாலே இவரைத்தான் கூப்பிடுவாங்க. ரெக்ஸின் பையில் ஸ்க்ரூ டிரைவர் செட், இடுப்பில் செல்போன், சட்டைப் பையில் ரெண்டு பேனா. ரெண்டு பேனா எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வந்தார். கோழிக் குழம்பு வெள்ளிக்கிழமை கிடையாதேன்னு கொஞ்சம் வருத்தப்பட்டார். அப்புறம் வேலையை ஆரம்பிச்சார்.

கார்டை எடுத்தார். அதோட முதுகில் ஒரு குட்டி ஃபேன். ஊதிப் பார்த்தார். போர்டில் சொருகினார். ‘டக்’குன்னு ஒரு சத்தம். எங்களை ஒரு பார்வை பார்த்தார் — ஆபரேஷன் தியேட்டரில் இருந்து வெளியே வர்ற டாக்டர் மாதிரி.

இப்போ பெட்டிக்குப் பின்னாடி மானிட்டர் கேபிள் மாட்ட ரெண்டு இடம். மேலே பழைய ஆன்போர்டு ஓட்டை. கீழே புதுக் கார்டோட ஓட்டை. கார்டு ஓட்டையில் நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதைக் கழட்டி, கேபிளைப் புதுசில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டார்.

இருட்டு. மானிட்டர்ல ஒண்ணும் வரலை.

நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடி இருட்டு. தவமணி நெற்றியில் வேர்வை. அவர் கேபிளைப் புதுசில் இருந்து உருவினார், பழைய ஓட்டையில் மாட்டினார், ஸ்விட்சைப் போட்டார். படம் வந்துருச்சு.

“அது சும்மா டெஸ்ட்டிங், மச்சான்” என்றார். தூசி போகக் கூடாதுன்னு அந்த நீல மூடியை எடுத்து, புதுக் கார்டு ஓட்டையில் பழையபடி அமுக்கினார்.

கௌசி பக்கத்தில்தான் நின்னாள். மெதுவாக் கேட்டாள்.

“மாமா, கேபிள் புதுசுலதான மாட்டணும்?”

“அது டிவிக்கு, கௌசி.”

“டிவிக்கு வட்டமா பக்கத்துல தனியா இருக்கே மாமா.”

“படம் வருதா, இல்லையா?”

“வருது.”

“அப்புறம் என்ன?”

பிள்ளைகளா, இந்த ‘அப்புறம் என்ன’ங்கிறதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. பெரியவங்க பதில் தீர்ந்து போனா எடுத்து வீசுற கடைசி ஆயுதம் அது.

அப்புறம் கார்டோட வந்த ஒரு சிடியைப் போட்டார், கார்டை வேலை செய்ய வைக்கிற அதுக்கும் பேர் டிரைவர்தானாம். ஸ்க்ரீனில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். அதில் புதுக் கார்டோட பேர் இருந்தது. பேர் இருக்கு பாருங்கன்னார். நானும் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பார்த்தேன். பேர் இருந்தது. எனக்குத் திருப்தி.

என் மனைவி மகேஸ்வரி வெள்ளிக்கிழமை புதுசா வந்த பொருள் எதுவா இருந்தாலும் பொட்டு வைக்காமல் விட மாட்டாள். போன தடவை மிக்ஸிக்கு வெச்ச பொட்டு இன்னும் இருக்கு. பெட்டிக்கு முன்னாடி ஒரு பொட்டு வெச்சாள். புதுசு எது தம்பி, அதுக்கும் வைக்கணும்னு கேட்டாள். தவமணி பின்பக்கத்தைக் காட்டினார். வெளியே தெரியுற ஒரே இடம் அந்த நீல மூடிதான். அழகா, நடுவுல, சந்தனம் வெச்சு அதுமேலே குங்குமம். சூடம் காட்டினோம். கண்ணில் ஒத்திக்கிட்டோம்.

எங்க ஒர்க்‌ஷாப்பில் புது ஆயில் பம்ப் வரும், டீசல் பம்ப் வரும். எல்லாத்துக்கும் வாயில் இதே மாதிரி பிளாஸ்டிக் மூடி இருக்கும். இருபது வருஷமா அதை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். மூடியைக் கழட்டாமல் மாட்டினவனை எங்க ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பட்டப்பேர் வெச்சே கூப்பிடுவாங்க. அந்த ஸ்டோர் கீப்பர்தான் அன்னிக்கு மூடியைப் பார்த்துக் கும்பிட்டவன்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் கேவலம்.

படம் நல்லா ஆயிருச்சுன்னு எல்லாருக்கும் தெரிய ஆரம்பிச்சது!

மகேஸ்வரி தன் தங்கச்சி கல்யாண சிடியைப் போட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் பளிச்சுன்னு தெரியுதுன்னாள். பக்கத்து வீட்டு கிருஷ்ணாராம் அண்ணே வந்தார். சௌராஷ்ட்ராக்காரர், பட்டு ஜவுளிக்கடையில் முப்பது வருஷமா நூல் கலர் பார்த்துச் சொல்ற ஆள். அவர் கண்ணுக்கு ஊரே மரியாதை கொடுக்கும். அவர் அதே கல்யாண சிடியில் பொண்ணோட சேலையைப் பார்த்துட்டு, “இப்பதான்ணே அரக்கு அரக்கா இருக்கு. முன்ன செங்கல் மாதிரி இருந்துச்சு” என்றார். போகும்போது, கழட்டின பழைய கார்டைத் தர முடியுமான்னு கேட்டார். அது தனி கார்டு இல்லை, போர்டோடவே இருக்குன்னு கௌசி சொன்னாள். ரெண்டும் ஒண்ணாவா இருக்கு, சண்டை போட்டுக்காதான்னு கவலைப்பட்டுட்டுப் போனார்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? எழுத்துகூட கொஞ்சம் பெருசாத் தெரியுது, கண்ணு வலிக்கலைன்னேன்.

ஒண்ணுமே மாறலை, பிள்ளைகளா. ஒரு புள்ளிகூட மாறலை. படம் வந்தது அதே பழைய ஓட்டை வழியா. புதுக் கண்டக்டர் யூனிஃபார்ம் போட்டு, விசில் வெச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே நிக்கிறார். டிரைவர் பழையபடி டிக்கெட் கிழிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறார். நாங்க படியில் தொங்கிக்கிட்டு, ஆஹா, கண்டக்டர் வந்ததும் வண்டி என்னமாப் பறக்குதுன்னு பேசிக்கிட்டு வர்றோம்.

ஒருத்திதான் மாறலைன்னு சொன்னாள்.

“அப்பா, அதே மாதிரிதான் இருக்கு. சுவர்க் கடிகாரத்தை வெச்சுப் பார்த்தேன். முன்ன ஒரு சுத்துக்கு எம்புட்டு நேரம் ஆச்சோ, இப்பவும் அம்புட்டு நேரம்தான் ஆகுது.”

பாருங்க. நாங்க எல்லாரும் கண்ணை வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னோம். அவ கடிகாரத்தை வெச்சுக்கிட்டு உண்மை சொன்னாள். நான் யாரை நம்பினேன்?

தவமணிக்குப் போன் போட்டேன். பட்டியல்ல பேர் இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன். பேர் இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னார். எங்க ஒர்க்‌ஷாப் வருகைப் பதிவேட்டில் தினமும் எல்லார் பேரும் இருக்கும். அதில் பாதிப் பேர் டீக்கடையில் இருப்பாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் தலையாட்டினேன்.

அப்புறம், புள்ள படத்தில் பல் ஜாஸ்தி மச்சான், அதைக் குறைக்கச் சொல்லுங்க, கார்டு மேல தப்பு இல்லைன்னார்.

கௌசி, கார்டோட வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துட்டு வந்தாள். இங்கிலீஷ். கேபிளைக் கார்டில்தான் மாட்டணும்னு படமே போட்டிருக்குன்னு விரலை வெச்சுக் காட்டினாள். பின்னாடி ஒரு தடவை திருப்பிப் பார்க்கவான்னு கேட்டாள். மூணு தடவை கேட்டாள், மூணு நாளில்.

மூணாவது தடவை நான் சொன்னது இது. அப்படியே எழுதுறேன். எழுதக் கூச்சமாத்தான் இருக்கு.

“மாமா நாலு கம்ப்யூட்டர் வெச்சுப் பொழைக்கிறவரு. அவரவிட ஒனக்குத் தெரியுமா? பின்னாடி கை வெச்ச, வாரண்ட்டி போயிரும். பேசாம படத்தைச் சரியாப் போடு.”

அவ பேசாமல் போயிட்டாள். பிள்ளைங்க பேசாமல் போனா நாம ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுக்கிறோம். என்ன ஒரு ஜெயிப்பு!

பத்து நாள் போச்சு. ஒரு சனிக்கிழமை, வேலை முடிஞ்சு நாலு மணிக்கே வந்துட்டேன். கௌசி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தாள். ஸ்க்ரீனில் கியர் சுத்துது. திக்காமல் சுத்துது. அடடேன்னு கிட்டே போய்ப் பார்த்தேன்.

கிரௌன் வீலில் ஒன்பது பல்.

வேற யாராவது பார்த்திருந்தா ஏதோ பூ சுத்துதுன்னு நினைச்சிருப்பாங்க. நான் இருபது வருஷமா கிரௌன் வீலைக் கையில் தூக்குறவன். ஒன்பது பல் வெச்ச கிரௌனை ஒரு பஸ்ஸில் மாட்டினா, பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வராது.

“என்னத்தா இது? மீதிப் பல்லெல்லாம் எங்க?”

“எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“மாமா கொறைக்கச் சொன்னாருல்ல. நாப்பத்தொண்ண முப்பதாக்குனேன், சுத்தல. இருபதாக்குனேன், சுத்தல. ஒம்பதுலதான் சுத்துது.” என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “இத சார்கிட்டக் காட்ட மாட்டேன்ப்பா. இது பொய்யி. எம் பேரு வேணாம், நான் சார்ட்ல வரைஞ்சு ஒட்டுறேன்னு நேத்தே சொல்லிட்டேன்.”

மேஜைக்குப் பக்கத்தில் சார்ட் பேப்பர் சுருட்டி வெச்சிருந்தது. ஸ்கெட்ச் பேனா டப்பா ஒண்ணு.

அவ அழலை. அழுதிருந்தா ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து முடிச்சிருப்பேன். பெரியவங்க பண்ணின தப்புக்கு இடம் விட்டு, தன் வேலையில இருந்து ஒவ்வொரு பல்லாப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். முப்பத்திரண்டு பல். அத்தனையும் நானும் தவமணியும் சேர்ந்து பிடுங்கினது.

சட்டையைக்கூடக் கழட்டாமல் பெட்டியை மேஜைக்கு அடியில் இருந்து இழுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இருந்தது நீல மூடி. காய்ஞ்ச சந்தனம், நடுவில் குங்குமம்.

புது பம்ப்பில் மூடியைக் கழட்டாமல் மாட்டின மாதிரி, அப்பட்டமா, கண்ணு முன்னாடி.

கேபிளை உருவக் கையை நீட்டினேன். அப்புறம் எடுத்துக்கிட்டேன். ரெண்டு வாரமாச் சொல்லிக்கிட்டு இருக்கிறவ பக்கத்தில் நிக்கிறாள். நான் யாரு உருவ?

“நீயே மாத்து, கௌசி.”

“வாரண்ட்டி போயிரும்னீங்க.”

“போகட்டும்.”

சந்தேகத்தோட என்னைப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். கேபிளைத் தொடலை! முதல்ல கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டு, ஆரம்பிக்கும்போதே ஒரு பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தாள். நீலக் கலரில் ஒரு ஸ்க்ரீன் வந்தது. அதில் ஒரு வரியைக் காட்டினாள். கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும்போது படம் முதல்ல எது வழியா வரணும்னு கேக்குற இடமாம். அங்கே ஆன்போர்டுன்னு இருந்தது. அதனால்தான் அன்னிக்கு மாமா புதுசில் மாட்டினதும் இருட்டாகியிருக்கு. படம் பழைய வழியில் போயிக்கிட்டு இருந்திருக்கு, கேபிள் புது வழியில் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதைக் கார்டுன்னு மாத்தினாள். நிறுத்தினாள். நகத்தால நீல மூடியைப் பிடுங்கினாள். கேபிளைப் புதுசில் மாட்டி, ரெண்டு பக்கமும் திருகினாள்.

பத்து நாளா, கம்ப்யூட்டரோட பெரிய போர்டுக்கு வந்த புத்தகத்தையும் சேர்த்துப் படிச்சிருக்கிறாள். கை வைக்க மட்டும்தான் உத்தரவு கிடைக்கலை.

நாப்பத்தோரு பல் வெச்ச பழைய படத்தைத் திறந்தாள். கிரௌன் வீல் சுத்துச்சு. வெண்ணெயில் கத்தி போற மாதிரி. ஒரு திக்கல் இல்லை. நான் கைதட்டப் போனேன். அவ கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாள். ஒரு சுத்து முடிஞ்சதும் நோட்டில் நேரத்தை எழுதினாள். அப்புறம்தான் லேசாச் சிரிச்சாள். அதுவும் என்னைப் பார்த்து இல்லை.

மகேஸ்வரி வந்து பார்த்துட்டு, மூடியைக் கீழே போட்டீங்களே, பொட்டு வெச்சதாச்சேன்னு எடுத்து சாமி ரூமில் வெச்சாள். தடுக்குற யோக்கியதை எனக்கு இல்லை.

ஞாயித்துக்கிழமை தவமணி வந்தார். கோழிக் குழம்பு வாசனை கொட்டாம்பட்டி வரைக்கும் போயிருக்கும்போல. விஷயத்தைச் சொன்னேன். அசரலையே மனுஷன்! சாப்பிட்டுக்கிட்டே சொன்னார்:

“எனக்குத் தெரியும் மச்சான். புது கார்டு, எடுத்த எடுப்புல லோடு குடுக்கக் கூடாது. பத்து நாள் சும்மா ஓடட்டும்னுதான் விட்டேன்.”

புது எஞ்சினைப் பழக்குற மாதிரியாம். யாரிடம் சொல்றார் பாருங்க — பஸ் ஒர்க்‌ஷாப் ஸ்டோர் கீப்பரிடம். கௌசி தட்டில் இருந்து நிமிரவே இல்லை. அவளும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

சிரிப்பு ஒரு பக்கம். பேர்? அவளே வேணாம்னு சொல்லிட்டு வந்த பேர்? திங்கள்கிழமை மதியம் பட்டியல் போயிருமாம். வேற ஒரு பையன் பேரை சார் எழுதிட்டாராம். எல்லாம் சரியாப் போச்சுன்னு வீட்டுக்குள்ளே கியரைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அது என்ன சரி?

திங்கள்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பெட்டியைப் பழைய போர்வையில் சுத்தி, ஆட்டோவில் என் மடியில் வெச்சுக்கிட்டேன். எங்க வீடு இருக்கிற கோச்சடையில் இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரர்கிட்ட அண்ணே மெதுவா, அண்ணே மெதுவான்னு கெஞ்சிக்கிட்டே போனேன். கௌசி பக்கத்தில் வெளியே பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். வேணாம்னு சொன்னவளைத் திரும்பவும் கூட்டிக்கிட்டுப் போறேனே, சார் திட்டுவாரோன்னு அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

கம்ப்யூட்டர் லேபில் சார் இருந்தார். நான் முதல்ல சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படத்தில் தப்பு இல்லை சார், பிள்ளை மேலயும் தப்பு இல்லை, வீட்டில் பெரியவங்க தப்பா மாட்டிட்டு, அவளைக் குத்தம் சொன்னோம், ஒரு தடவை பார்த்துடுங்கன்னு. என் வாழ்க்கையில் ஒரு வாத்தியாரிடம் நான் பேசின நீளமான பேச்சு அதுதான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி, வைங்கன்னார்.

பெட்டியை வெச்சோம். லேபில் ஒரு மானிட்டர் கேபிளை அவரே எடுத்தார். நல்ல மனுஷன், படிச்சவர். அவர் கை எங்கே போச்சு தெரியுமா? நேரா மேலே, பழைய ஓட்டைக்கு. மாட்டி, ஸ்விட்சைப் போட்டார்.

இருட்டு.

கெட்ட பழக்கம் கைக்கும் இருக்கும்போல. யாரை நான் திட்ட?

சார் ரெண்டு தடவை தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். “டிஸ்ப்ளே வரலையே சார். வர்ற வழியில ஆடி எதுவும் லூஸ் ஆயிருச்சா?”

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. எனக்குத் தெரியும்! இப்போ எனக்கு எல்லாம் தெரியும்! ரெண்டு ஓட்டை, ஆன்போர்டு, கண்டக்டர், டிரைவர்... வாயைத் திறந்தேன். கௌசி என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாள். தவமணியும் இப்படித்தானே வாயைத் திறந்திருப்பார் ஒவ்வொரு தடவையும்?

“அவகிட்டக் கேளுங்க சார்” என்றேன்.

சார் அவ பக்கம் திரும்பினார். அவ கிட்டே வந்து, “அதுல இல்ல சார், இதுல” என்று சொல்லிக் கேபிளை மாத்தினாள். கிரௌன் வீல் சுத்துச்சு. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். ஏன் அதில் வரலைன்னு கேட்டார், சொன்னாள். பழையதும் புதுசும் ஒரே பெட்டியில் இருக்கலாமான்னு கேட்டார். இருக்கலாம் சார், வேணும்னா ரெண்டுலயும் ரெண்டு மானிட்டர்கூட மாட்டலாம், ஆனா எது வழியா என்ன வருதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்னாள். வளைவில் வெளிச் சக்கரம் ஏன் வேகமாச் சுத்துதுன்னு கேட்டார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே திரும்புறதைக் கையாலேயே காட்டிச் சொன்னாள். ஒரு இடத்தில் அவளுக்குத் திக்கிச்சு. கிரௌன் வீலைச் சுத்துற சின்ன கியர் பினியன், அதுக்கு எத்தனை பல்லுன்னு சார் கேட்டார், அவ யோசிச்சாள். எனக்கு நம்பரோட தெரியும். இருபது வருஷமாத் தெரியும். உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவளே ஸ்க்ரீனில் எண்ணிச் சொன்னாள்.

சார் மேஜை டிராயரைத் திறந்து பட்டியலை எடுத்தார். அந்தப் பையன் பேருக்குக் கீழே அவ பேரையும் எழுதி, ரெண்டு பேரையும் அனுப்ப முடியுமான்னு ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக்கிட்டு வாரேன்னு எழுந்து போனார். கேட்டுட்டு வந்தார், ஹெட்மாஸ்டர் சரின்னுட்டாராம். ரெண்டு பேரும் போறாங்க.

மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷமும் நான் சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்தேன்.

பிள்ளைகளா, வாயை மூடிக்கிட்டு நிக்கிறது இம்புட்டுக் கஷ்டமான வேலைன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.